டுல்மா வீட்டுப் புகைக்குழாய்

எங்கள் மேட்டில் தண்ணீர் வாங்க வருகிறவர்கள் முதலில் டுல்மாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தண்ணீர்ச் சாவடியின் சின்ன ஜன்னலில் தலையை நீட்டி, "வீட்டுப் புகைக்குழாய் திறந்திருக்கா?" என்று கேட்பாள். எங்கள் உலான்பாதர் நகரில் மற்ற எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்ததும் "குளிர்காலம் நல்லபடியா கழியுதா?" என்றுதான் கேட்பார்கள். அவள் அதைக் கேட்பதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள், கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று கேனைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். சிரிக்கட்டும். அவள் கிழவியும் இல்லை, மூளை பிசகவும் இல்லை. தெரிந்த நாங்கள் மட்டும் "திறந்திருக்கு டுல்மாக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பிடிப்போம்.

ஒரு காலத்தில் நெருப்பு விஷயத்தில் அவளை மிஞ்ச இந்த மேட்டில் ஆள் கிடையாது. மற்றவர்கள் வீட்டில் விடிவதற்குள் அடுப்பு அணைந்து, வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டியிருக்கும். டுல்மா வீட்டில் காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே கனல் சிரிக்கும். அவள் புருஷன் கோம்போ கரி லாரி ஓட்டினான். அவன் கொண்டுவரும் கரியைக் கையில் எடுத்துப் பார்த்தே இது எப்படி எரியும், எவ்வளவு புகையும் என்று சொல்லிவிடுவாள். கோம்போ மலைப்பாதையில் லாரியோடு உருண்டு போன பிறகு, மகள் ஆரியுனாவை அந்த அடுப்பின் சூட்டில்தான் வளர்த்தாள். எங்கள் வீடுகள் வட்டமான கம்பளிக் கூடாரங்கள். நடுவில் இரும்பு அடுப்பு, அதிலிருந்து கூரை வளையம் வழியாக மேலே போகும் தகரக் குழாய். அடுப்புதான் வீடு, கூடாரம் அதற்குப் போட்ட சட்டை.

ஆரியுனா கல்யாணம் ஆகிக் கீழ்ச்சரிவில் தனிக்குடித்தனம் போனாள். மாப்பிள்ளை புர்வே தெற்கே பாலைவனச் சுரங்கத்தில் மின் வேலை பார்க்கிறவன். கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் இங்கே. நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கல்யாணமான முதல் குளிர்காலம் ஆரியுனாவுக்கு வயிற்றில் தங்கியது தங்காமல் போனது. அடுத்த குளிர்காலமும் அப்படியே. கோடையில் கருத்தரித்து, புகை இறங்கும் மாதங்களில் கை நழுவியது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா இந்தப் புகை நல்லதில்லை" என்றாள். எங்கள் மேட்டில் குளிர்காலம் வந்தால் எதிர்வீடு தெரியாது. வெந்நீர்க் குழாய் ஓடும் அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு எங்களைத் திட்டுகிறவர்களுக்கு அது தெரியுமா? நாங்கள் விறைத்துச் சாக வேண்டும், அவர்கள் துணி வெளுப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாவது முறை ஆரியுனா உண்டானபோது டுல்மா போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "குழந்தை பொறக்கிற வரைக்கும் என் வீட்டுல இரு. இந்தக் குளிர்காலம் என் வீட்டுக்குள்ள புகைன்னு ஒண்ணு இருக்காது" என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்போம். நெருப்பை வைத்துப் பேர் வாங்கியவள் நெருப்பை விடுகிறேன் என்றால் எப்படி நம்புவது?

புர்வே ஒரு நீளமான மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து சுவரோரம் பொருத்தினான். பொருத்தி முடித்து உப்புத் தேநீர் குடிக்கும்போது வாய் சும்மா இருக்குமா?

"அத்தை, நீங்க அடுப்புல போடுற கரியில பாதிச் சூடுதான் வீட்டுக்கு. மிச்சம் பாதி குழாய் வழியாப் போய் ஆகாசத்தைச் சூடு பண்ணுது. ஆகாசம் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவுதான் மாப்ளே. தினம் காலையில முதல் டீயை அதுக்குத்தானே தெளிக்கிறேன்."

"டீ தெளிங்க, கரியைத் தெளிக்காதீங்க. ஹீட்டர்ல அந்த வேலையே இல்லை. உள்ள போற கரண்ட் அத்தனையும் சூடாயிரும். ஒரு பொட்டு வெளியே போகாது."

டுல்மா விடுவாளா? "சரி, அந்தக் கரண்ட் எங்கேருந்து வருது? மின்நிலையத்துலேருந்து. அங்க என்ன, மாட்டுச்சாணியா எரிக்கிறான்? கரிதானே! மூணு லாரிக் கரியை எரிச்சு ஒரு லாரிச் சூட்டைத்தான் கம்பியில அனுப்புறான்னு நீதானே அன்னைக்குச் சொன்னே? மிச்சத்தை அவனும் ஆகாசத்துக்குத்தானே விடுறான்? என் அடுப்பு அவன் அடுப்பை விடத் தேவலை போலிருக்கே."

"மிச்சத்துல வெந்நீர் காய்ச்சி அடுக்குமாடிக்கு அனுப்புறாங்க, அத்தை."

"பாத்தியா! வெந்நீர் அவனுக்கு, புகை நமக்கு."

ஆரியுனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புர்வேயும் சிரித்தான். பிறகு குரலைத் தணித்து, "கணக்கு நீங்க சொல்றதுதான் சரியா இருக்கலாம் அத்தை. ஆனா அந்தப் புகை இவ மூக்குக்குப் பக்கத்துல இல்லை" என்றான். டுல்மா அன்று சாயங்காலமே அடுப்பை அணைத்தாள். அணைக்கும்போது கொஞ்சம் வெண்ணெயைக் கனலில் விட்டு, மன்னித்துக்கொள் என்று முணுமுணுத்ததை ஆரியுனா பார்த்தாள்.

அடுப்பை மட்டும் வீட்டை விட்டு எடுக்கச் சம்மதிக்கவில்லை. எங்களில் யாரும் சம்மதிக்க மாட்டோம். அடுப்பை வெளியே தூக்கிப் போட்டால் குடும்பத்தையே அணைத்த மாதிரி. கனல் இல்லாவிட்டாலும் அது நடுவீட்டில் நிற்க வேண்டும்.

ஹீட்டர் வந்த முதல் வாரம் வீடு சூடேறவே இல்லை. டுல்மாவுக்கு ஒரு வேலையை எடுத்தால் அரைகுறை கிடையாது. எரியும் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். சுடர் எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. கதவு விளிம்பில் கம்பளி வைத்துத் தைத்தாள். சுவரின் அடிப்பக்கம் மண்ணும் பனியும் அணைத்தாள். கூரை வளையத்துக்கு இரட்டைக் கம்பளி போட்டாள். கடைசியில் மெழுகுவத்தியை அடுப்பு வாயருகே கொண்டுபோனபோது சுடர் அப்படியே உள்ளே சாய்ந்தது. வீட்டுச் சூடெல்லாம் அணைந்த அடுப்புக்குள் புகுந்து குழாய் வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவி, நீதானா திருடன்!" என்றாள் அடுப்பைப் பார்த்து.

ஸ்டூல் போட்டு ஏறி, குழாயின் மேல்துண்டைக் கழற்றி, கோம்போவின் பழைய கம்பளிக் காலுறை ஒன்றைச் சுருட்டி உள்ளே திணித்து மறுபடி மாட்டினாள். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலமே வீடு கதகதவென்று இருந்தது. ஆரியுனா மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். டுல்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

புர்வே அடுத்த முறை வந்தபோது இதைக் கேட்டு முகம் மாறினான். "அத்தை, அடைச்சது சரி. மறந்து யாராவது பத்த வெச்சா?"

"யாரு பத்த வைப்பா? நானா? இவளா?"

"யாரா இருந்தாலும். அமுக்கின கரிக்கட்டியில கண்ணுக்குத் தெரியிற புகைகூட இருக்காது. விஷவாயுவுக்கு வாசனையும் கிடையாது. தூங்குற மாதிரியே ஆள் போயிரும். ஒரு அடையாளமாவது வைங்க."

அவன் சொன்னது நியாயம் என்று டுல்மாவுக்குப் பட்டது. பழைய இடைக்கச்சையிலிருந்து சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்து அடுப்புக் கதவின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டாள். "ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. சிவப்பு இருக்கிற வரைக்கும் குழாய் அடைச்சிருக்கு. குழாயைத் திறந்தாத்தான் சிவப்பை எடுப்பேன். சிவப்பு இல்லைன்னா திறந்திருக்குன்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது வாத்தியாரம்மா" என்றாள் ஆரியுனா.

குளிர்காலம் முழுவதும் அந்தச் சிவப்புத் துணி அங்கேயே தொங்கியது. எங்கள் மேட்டில் பெரும்பாலான குழாய்கள் புகைந்தபோது டுல்மா வீட்டுக் குழாய் சும்மா நின்றது. பால்பவுடர் டின்னைக் கவிழ்த்து மூடி செய்திருந்ததால் தூரத்திலிருந்தே அதை அடையாளம் தெரியும். சாவடி ஜன்னலிலிருந்து மேலே பார்த்து, புகையில்லாத தன் குழாயைத் தண்ணீர் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவாள். ஆரியுனாவுக்கு வயிறு நன்றாக மேடிட்டது. உள்ளே உதைத்தது. உதைக்கும்போதெல்லாம் அவள் அம்மாவின் கையை இழுத்து வயிற்றில் வைப்பாள். போன இரண்டு முறையும் இத்தனை தூரம் வந்ததே இல்லை. பிறக்கும் முன் துணி தைக்கக் கூடாது என்பதால் டுல்மா எதுவும் தைக்கவில்லை. ஒரு ஆட்டுக்குட்டித் தோலை மட்டும் பெட்டியின் அடியில் பதமாக வைத்திருந்தாள்.

எங்கள் புத்தாண்டான வெண்மாதப் பிறப்புக்கு முன்னால் வரும் நெருப்புப் பூசை நாள் வந்தது. பொழுது சாயும்போது வீட்டு ஆண் அடுப்பைப் பற்றவைத்து, கொழுப்பில் சுற்றிய ஆட்டு மார்பெலும்பை நெருப்புக்குக் கொடுக்க வேண்டும். வருஷம் முழுவதும் அடுப்பெரிக்காத வீடானாலும் அன்று எரித்தாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட யாருக்குத் துணிச்சல் வரும்? புர்வே சுரங்கத்திலிருந்து சாயங்கால பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தான். டாக்டரம்மாவிடம் கேட்டதில், கொஞ்ச நேரம்தானே, கர்ப்பிணியைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தாள். எல்லாம் பேசி வைத்ததுதான்.

அன்று காலை டுல்மா விடியும் முன்பே எழுந்து வீட்டைத் துடைத்தாள். அடுப்புக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினாள். உள்ளே சுள்ளியும் அதன்மேல் கரிக்கட்டியும் அழகாக அடுக்கினாள். எலும்பை வேகவைத்துக் கொழுப்பில் சுற்றி, கம்பளி நூலால் கட்டித் தட்டில் வைத்தாள். பிறகுதான் கைப்பிடியில் தொங்கிய சிவப்புத் துணி கண்ணில் பட்டது. மாதக்கணக்கில் தூசி படிந்து, ஓரம் பிரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. நெருப்புக்குரிய நாளில் அடுப்பின் மேல் கந்தலா? பூசையன்று வீட்டில் கிழிந்தது ஒன்றும் கண்ணில் படக் கூடாது. அவிழ்த்து எடுத்தாள். பெட்டியிலிருந்து புதிய நீலப் பட்டுத்துண்டை எடுத்து அதே இடத்தில் அழகாகக் கட்டினாள். அடுப்பு புதுப்பெண் மாதிரி இருந்தது. கைகூப்பினாள்.

கைகூப்பியபடியே மேலே குழாயைப் பார்த்தாள். காலுறையையும் இப்போதே எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். ஸ்டூலைக்கூட இழுத்தாள். வெளியே அந்த வருஷத்தின் கடுங்குளிர். எல்லா வீட்டிலும் கொழுக்கட்டை அவிக்கிறார்கள், பல வீட்டில் ஹீட்டரும் ஓடுகிறது. கரண்ட் காலையிலேயே இழுத்துக்கொண்டிருந்தது, பல்பு மஞ்சளாக அழுதது. இந்த நிலையில் குழாயைத் திறந்தால் சாயங்காலம் வரை சூடெல்லாம் மேலே போகும், பிள்ளைத்தாய்ச்சி விறைப்பாள். புர்வே வந்ததும் எடுத்தால் போதும் என்று ஸ்டூலைத் தள்ளி வைத்தாள். ஆரியுனா போர்வைக்குள் அயர்ந்து தூங்கினாள். எழுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடிய விடியப் புரண்டுவிட்டு அப்போதுதான் கண்ணசந்த பிள்ளையை எழுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? பிளாஸ்கில் தேநீரை ஊற்றி அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு டுல்மா சாவடிக்கு இறங்கினாள்.

பண்டிகைக்கு முந்தைய வாரம் தண்ணீர் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கை வண்டி, சறுக்கு வண்டி, கார் டிக்கி, எல்லாவற்றிலும் கேன்கள். டுல்மாவுக்குக் காலையிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. பொழுது சாய ஆரம்பித்த நேரம் சாவடி பல்பு ஒருமுறை மினுங்கி அணைந்தது. காலடியில் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரின் சத்தமும் நின்றது.

"போச்சுடா!" என்றான் வரிசையில் நின்ற லுவ்சான். டாக்சி ஓட்டுகிறவன், அவன் இருக்கும் இடத்தில் வாய்க்குப் பஞ்சமில்லை. "மேடு முழுக்கப் போச்சு. டிரான்ஸ்பார்மர் அதிகமாக் கொழுக்கட்டை தின்னுட்டு வெடிச்சிருச்சு."

"இப்ப வந்துரும்" என்றாள் ஒருத்தி.

"வரும் வரும், வெண்மாதம் முடிஞ்சு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். டுல்மாவும் சிரித்தாள். கரண்ட் போவதும் வருவதும் எங்களுக்குப் புதிதா? ஆரியுனா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பாள், வீடு இறுக்கமாக அடைத்திருக்கிறது, சூடு ஒரு நாழிகையாவது நிற்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு அடுத்த கேனுக்குத் தண்ணீர் விட்டாள். இருட்டில் கேன் நிறைவதைக் காதால் கேட்டு நிறுத்தினாள். ஒன்று, பிறகு இன்னொன்று. ஒரு மணி நேரமாகியும் கரண்ட் வரவில்லை.

மேட்டில் சும்மா நின்ற குழாய்களும் ஒவ்வொன்றாகப் புகைய ஆரம்பித்தன. ஹீட்டருக்கு மாறிய வீடுகள் எல்லாம் பழைய அடுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. லுவ்சான் ஜன்னலில் சாய்ந்து மேலே பார்த்தான்.

"அக்கா, உங்க வீட்டுக் குழாயைப் பாருங்க. எல்லா வீடும் புகையுது, அது மட்டும் விரதம் இருக்கு. கொடுத்துவெச்சவங்க நீங்க."

டுல்மா தலையை நீட்டிப் பார்த்தாள். மங்கிய வெளிச்சத்தில் பால்பவுடர் டின் மூடி தெரிந்தது. அதன் மேல் ஒரு இழைகூடப் புகை இல்லை. குளிர்காலம் முழுவதும் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். இப்போது பார்த்ததும் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் நழுவிக் கீழே விழுந்தது.

புகை இல்லை. ஆரியுனா பற்றவைக்கவில்லை என்றும் அர்த்தம். பற்றவைத்தாள், புகை மேலே வர வழியில்லை என்றும் அர்த்தம்.

கைப்பிடியில் சிவப்பு இல்லையே! நீலத்தையல்லவா கட்டிவிட்டு வந்தேன்! உள்ளே சுள்ளியையும் கரியையும் நானே அடுக்கி வைத்துவிட்டு வந்தேனே! தீக்குச்சியைக் கிழிப்பது ஒன்றுதான் பாக்கி.

போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"தண்ணி ஓடுதுக்கா, நிறுத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள். டுல்மா நிறுத்தாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்தாள். "லுவ்சான், காரை எடுடா! என் பொண்ணு!" என்று அவன் கோட்டைப் பிடித்து உலுக்கினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் லுவ்சான் டிக்கியிலிருந்த கேன்களைத் தெருவில் உருட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பாதி மேட்டில் கார் ஐஸில் வழுக்கி நின்றுவிட்டது. டுல்மா இறங்கி ஓடினாள். கைகளையும் ஊன்றி ஏறினாள். அடுத்தடுத்த வேலிகளில் நாய்கள் குரைத்தன. அண்டை வீடுகளிலெல்லாம் நெருப்புப் பூசையின் கொழுப்பு வாசனை. தீக்குச்சி கிடைத்திருக்கக் கூடாது, போர்வைக்குள்ளேயே கிடக்க வேண்டும், கரண்டுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நெருப்பையும் ஆகாசத்தையும் கோம்போவையும் மாறி மாறி வேண்டிக்கொண்டே ஓடினாள். கதவருகே வந்தபோது கம்பளி தீய்ந்த நாற்றம் மூக்கில் அடித்தது.

கதவைத் திறந்தாள். வீடு கதகதவென்று இருந்தது.

அடுப்புக் கதவின் இடுக்கில் கனல் சிவப்பாகத் தெரிந்தது. புகை என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இல்லை. ஆரியுனா கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கை வயிற்றின் மேல். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அவளை அப்படி நல்ல நிறத்தோடு பார்த்து எத்தனை நாளாயிற்று! தூங்குகிறாள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"ஆரியுனா! அடியே! எந்திரிடி!"

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை. அவளுக்கே தலை சுற்றியது, கால் துவண்டது. பின்னால் ஓடிவந்த லுவ்சான் கதவை உதைத்து மலர்த்திவிட்டு உள்ளே பாய்ந்தான். இரண்டு பேருமாகத் தூக்கிவந்து வெளியே பனியில் கிடத்தினார்கள். டுல்மா பனியை அள்ளி மகள் முகத்தில் தேய்த்தாள், கன்னத்தில் அறைந்தாள், பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஆரியுனா முனகினாள். பிறகு வாந்தி எடுத்தாள்.

"உயிர் இருக்குக்கா! இருக்கு!" லுவ்சான் குழந்தை மாதிரி அழுதான்.

டுல்மா மகளின் வயிற்றில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் மேடு முழுவதும் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. திறந்து கிடந்த கதவு வழியாக ஹீட்டர் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. பாவி கரண்ட்! வருகிறதுதான் வருகிறது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? உள்ளங்கைக்கு அடியில் எதுவும் உதைக்கவில்லை. லுவ்சான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, ஆரியுனாவைப் போர்வையில் ஏந்திக் காருக்கு இறக்கினான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். புர்வே பஸ்ஸிலிருந்து நேராக, தோளில் பையோடு வந்து நின்றான். மாமியாரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று டுல்மாவுக்கு இருந்தது. காலையில் டாக்டரம்மா வெளியே வந்தாள். மூன்று குளிர்காலமாக ஆரியுனாவைப் பார்த்துவருகிற அதே டாக்டரம்மா.

"பொண்ணு பிழைச்சிட்டா. கொஞ்ச நாள் தலைவலி இருக்கும், தெளிஞ்சிரும்" என்றாள். பிறகு டுல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குழந்தையோட துடிப்பு இல்லைம்மா. இந்த வாயு தாயைவிடக் குழந்தையைத்தான் கடுமையாத் தாக்கும். எங்களால ஒண்ணும் செய்ய முடியலை."

புர்வே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். டுல்மா நின்றபடியே இருந்தாள். அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கே பயமாக இருந்தது.

உள்ளே போனபோது ஆரியுனா விழித்திருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. டுல்மா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். ஆரியுனா தப்புச் செய்த சின்னப் பிள்ளையின் குரலில் பேசினாள்.

"கரண்ட் போச்சும்மா. ரொம்பக் குளிர். அடுப்பெரிக்கக் கூடாதுன்னு நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா வயித்துக்குள்ள இருக்கிறதுக்குக் குளிருமேன்னுதான் பத்த வெச்சேன். முதல்ல புகை திரும்பி வந்துச்சு. ரொம்ப நாள் எரியாத அடுப்பு அப்படித்தான் தள்ளும்னு நீ சொல்லிக் குடுத்திருக்கியே, அதனால கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சேன். அப்புறம் புகை நின்னுருச்சு. சரியாயிருச்சுன்னு சாத்திட்டேன்."

"பேசாதம்மா. நீ ஒண்ணும் பண்ணலை."

"சிவப்பு இல்லையே அம்மா. நீலத்துணி கட்டியிருந்துச்சு. நீ திறந்துட்டேன்னுதான் நெனச்சேன்."

டுல்மா நினைத்தால் சொல்லாமல் விட்டுவிடலாம். காலுறை நழுவி விழுந்தது, குழாய் பழசு, கரண்ட்காரன் பாவி என்று எத்தனையோ சொல்லலாம். மகள் நம்புவாள், அம்மாவின் நெருப்புப் பேச்சை அவள் என்றைக்கும் நம்பியவள்தான்.

"நான் திறக்கலைடி" என்றாள். "துணியை மட்டும் மாத்திட்டேன். குழாயைத் திறக்கலை."

ஆரியுனா அவளையே பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். புரியவில்லை, அவ்வளவுதான்.

"ஏம்மா?"

டுல்மா மகளின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

"சூடு வீணாப் போயிருமேன்னு" என்றாள்.